மாமாவின் படம் எந்த வரிசையில்?

ஆண்டியப்பன் மாமா டெலிபோனைப் பட்டென்று வைத்த இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். "பட்டம் கட்ட வேற ஆளப் பாத்துக்குங்க" என்று ஒரே வரியைச் சொல்லி வைத்தவர், அதற்குப் பிறகு யார் கூப்பிட்டும் எடுக்கவில்லை.

கலியாணம் அடுத்த வெள்ளிக்கிழமை. பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்ட வேண்டும், மாலை போட வேண்டும், கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டும். அவர் வராமல் தாலி கட்டினால் ஊர் வாய் சும்மா இருக்குமா? பெண்ணின் தாய் பூரணிக்கு உடன்பிறப்பு என்று இருப்பதும் இந்த ஒரே அண்ணன்தான்.

இவ்வளவு கூத்துக்கும் காரணம் ஒரு வெப்சைட். செய்தவள் கலியாணப் பெண் தமயந்தியின் தங்கை சர்மிளா, ஹட்டனில் ஒரு கொம்பியூட்டர் சென்டரில் வேலை பார்ப்பவள். மாப்பிள்ளைக்கு டோஹாவில் ஓட்டல் வேலை. லீவு கிடைக்காமல் தன் பரிசத்துக்கே வர முடியாமல் போன மனிதர். "எனக்கும் கொஞ்சம் காட்டுங்களேன்" என்று அவர் கெஞ்ச, பரிசப் படங்களை எல்லாம் அடுக்கி இவள் ஒரு பக்கம் செய்து போட்டாள்.

மாப்பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதே பக்கத்தைத் தலவாக்கலையில், டெலிபோனும் இன்டர்நெட்டும் காசுக்கு விடுகிற ஒரு கொமியூனிகேஷன் கடையில் பார்த்த மாமாவுக்குத்தான் ரத்தம் கொதித்துவிட்டது. நல்லது செய்யப் போய் வம்பை விலைக்கு வாங்கிவிட்டாள் நம்ம சர்மிளா.

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், பூரணி குடும்பம் இருக்கும் லயத்து வீட்டில் அன்று காலை யாருக்கும் ரொட்டி இறங்கவில்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிறவர்கள், கூடையும் மழைக்குப் போர்த்தும் கொங்காணியுமாக வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். பூரணி மட்டும் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, பெரட்டுக்கு நேரமாவுதே?" என்றாள் தமயந்தி.

"போகல. இன்னைக்குப் பேர் போனாப் போவட்டும். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மலைக்குப் போறது? நெரையில நிக்கிற பொம்பளைங்க பூராவும் 'ஒங்க அண்ணே வரமாட்டாராமே, அப்புடியா?'ன்னு கேக்குதுங்க. கொழுந்தப் பாப்பேனா, அதுங்களுக்குப் பதில் சொல்லுவேனா?"

தகப்பனார் செல்லசாமி முந்தின நாளே வட்டகொடைக்குப் போய், மச்சான் வீட்டுக் கதவடியில் நின்று, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி வந்திருந்தார். தேயிலை பெக்டரி மெஷினோடு பேசிப் பழகியவர் அவர். மனிதர்களோடு பேச அவருக்கு வராது. மாமாவின் மனைவி வேலாயி அத்தை பின்பக்கமாக வந்து ரகசியமாகச் சொன்னதை மட்டும் அப்படியே கொண்டு வந்து கொட்டியிருந்தார்.

அத்தை சொன்னது இதுதான். படத்தில் தங்கள் குடும்பத்தைச் சம்பந்தியின் கால்மாட்டில் போட்டுவிட்டார்களாம். மாமாவை முதல் வரிசையிலிருந்து கீழே இறக்கிவிட்டார்களாம். அவருக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் வெள்ளையாக விட்டிருக்கிறார்களாம். "என்னய வெட்டி வுட்டுட்டாங்க வேலாயி" என்று மனிதர் ராத்திரிச் சோறு சாப்பிடவில்லையாம்.

"நான் பாத்தப்ப எல்லாம் சரியாத்தாம்மா இருந்துச்சு" என்றாள் சர்மிளா, நூறாவது தடவையாக. "மொத வரிசையில அக்கா படம், அடுத்தாப்புல நீங்களும் அப்பாவும், அதுக்கு அடுத்து மாமா. நானே என் கையால வச்சேன்."

"அப்ப எங்க அண்ணே பொய் சொல்லுதா?"

"அப்புடிச் சொல்லலம்மா..."

"பின்ன எப்புடி? நீ வச்சது சரி, அவரு பாத்தது சரி. நடுவுல நாந்தான் பைத்தியக்காரியா?"

அதற்குள் தமயந்தி தங்கையைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"சர்மி, ஒன் மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா மாமா கை புடிக்காம நான் மணவறைக்கு வரமாட்டேன். வேற யாரையாச்சும் பட்டம் கட்டச் சொல்லி அப்பா ஏற்பாடு பண்ணுனா, நான் உள்ளயே இருந்துக்குவேன். இத அம்மாகிட்ட சொல்லாத."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.  அக்கா சொன்னால் செய்கிறவள். சர்மிளா குடையை எடுத்துக்கொண்டு, "அம்மா, பொடவய மாத்துங்க. ஹட்டனுக்குப் போவோம். மாமா என்னத்தப் பாத்தாருன்னு மொதல்ல நாம பாக்கணும்" என்றாள்.

சென்டரில் லோஜனா மட்டும்தான் இருந்தாள். யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவரின் மகள், சர்மிளாவுக்கு மூத்தவள், வேலை பழக்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

"என்ன சர்மி, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு? வாங்கோ அன்ரி, இருங்கோ."

விஷயத்தைக் கேட்டதும் அவள் கையை விரித்தாள். "நான் அப்பவே சொன்னனான், ஒவ்வொரு படத்தையும் ரேபிள் கட்டம் போட்டு அதுக்குள்ள இறுக்கி வையும் எண்டு. நீர் கேக்கேல்ல."

"கட்டம் போட்டு இறுக்குனா சின்ன ஸ்கிரீன்ல ஓரத்துப் படம் வெளிய போயிரும்க்கா. ஓரத்துல இருக்கிறதே மாமாதான். அப்பறம் ஆளையே காணோம்னு ஆயிருக்கும்."

அதனால்தான் அவள் படங்களை இறுக்காமல் விட்டிருந்தாள். பக்கம் எவ்வளவு அகலமோ, அதற்குத் தக்கபடி எத்தனை படம் கொள்ளுமோ அத்தனை ஒரு வரிசையில் நிற்கும். இடம் போதாவிட்டால் மிச்சம் அடுத்த வரிசைக்கு இறங்கும். அவளுடைய ஸ்கிரீன் புதுசு, அகலமானது. அதில் வரிசைக்கு மூன்று படம். முதல் வரிசையில் தமயந்தி, பூரணியும் செல்லசாமியும், கடைசியில் ஆண்டியப்பன் மாமா.

பூரணி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு! அண்ணே எம்புட்டு கம்பீரமா நிக்குது!"

 தலவாக்கலைக் கடையில் இருப்பவை எல்லாம் ஒடுக்கமான ஸ்கிரீன் வைத்த பழைய கொம்பியூட்டர் பெட்டிகள் என்று சர்மிளாவுக்குத் திடீரென்று உறைத்தது. இவ்வளவு நாளும் அவள் இந்த ஒரு ஸ்கிரீனில்தான் பார்த்திருந்தாள். பக்கத்தின் ஓரத்தை மௌஸால் பிடித்து மெல்ல உள்ளே தள்ளினாள்.

வரிசைக்கு இரண்டு படம் என்று ஆனது. மாமா தொப்பென்று இரண்டாவது வரிசையின் இடது பக்கத்தில் விழுந்தார். அவருக்குப் பக்கத்தில் தட்டோடு சம்பந்தி அழகுமுத்து. அடுத்து வர வேண்டிய படம் மாமாவின் குடும்பம், வேலாயி அத்தையும் பிள்ளைகளும். அது மாமாவுக்குக் கீழே வராமல், சம்பந்திக்குக் கீழே போய் நின்றது. மாமாவுக்குக் கீழே வெறும் வெள்ளை.

"ஐயையோ!" என்றாள் பூரணி. "எங்க அண்ணே சொன்னது அத்தனையும் சத்தியம்!"

ஏன் என்று பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள். தமயந்திக்கு 'மணமகள்' என்று ஒரு சொல். சம்பந்திக்கு 'மணமகனின் தந்தை'. மாமாவுக்கு மட்டும் 'மணமகளின் தாய்மாமன், மேற்பிரிவுத் தோட்டத் தலைவர், முத்துமாரியம்மன் கோயில் பரிபாலன சபைத் தலைவர், உயர்திரு ஆண்டியப்பன் அவர்கள்'. இதில் ஒரு பட்டத்தை விட்டாலும் மனிதர் முறைத்துக்கொள்வார் என்று பயந்து பயந்து எழுதியது. ஒரு வரியில் முடிய வேண்டியது நாலு வரிக்கு இறங்கி, மாமாவின் படமும் குறிப்பும் அடங்கிய பெட்டி மட்டும் மற்றப் பெட்டிகளைவிட நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வரிசைக்கு இறங்கிய படம் இடது ஓரத்துக்குப் போக முடியாமல் அதில் முட்டி, சம்பந்திக்குக் கீழேயே நின்றுவிட்டது. அகலமான ஸ்கிரீனில் மாமா வரிசையின் கடைசியில் இருந்ததால் முட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஆக, மாமாவை வெட்டிவிட்டது மாமாவுக்குக் கொடுத்த மரியாதைதான். இதை யாரிடம் சொல்லி அழுவது?

"சிம்பிள்" என்றாள் லோஜனா. "மாமான்ர பட்டத்தில ரெண்டை வெட்டி விடும். எல்லாம் ஒழுங்கா வந்திடும்."

பூரணி எழுந்தே விட்டாள். "வேணாம் தாயி! அதுல கை வச்சீங்கன்னா இந்தச் சென்மத்துக்கும் அவரு எங்க வாசப்படி மிதிக்க மாட்டாரு!"

சர்மிளா நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். மாமாவின் பெட்டியைக் குறைக்க முடியாது. சரி, மற்றவர்களுடைய பெட்டியைக் கூட்டலாமே? யார் தடுத்தார்கள்? ஒரு சொல் எழுதியிருந்தாலும் நாலு வரி எழுதியிருந்தாலும் எல்லாப் பெட்டிக்கும் ஒரே உயரம், மாமாவின் உயரம் என்று மாற்றி எழுதினாள். பக்கத்தைத் திரும்பத் திறந்து ஓரத்தைத் தள்ளினாள்.

படங்கள் மூன்று மூன்றாக நின்றன. இரண்டிரண்டாக நின்றன. எங்கேயும் ஓட்டை இல்லை. மாமாவுக்கு நேர் கீழே அவருடைய குடும்பம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்பாடா என்று அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.  லோஜனா முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "கெட்டிக்காரி. இதை நானும் எழுதி வைக்கப் போறன்" என்றாள்.

பூரணி மட்டும் ஸ்கிரீனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எல்லாம் சரிதான். ஆனா தலவாக்கலக் கடையில உள்ள பெட்டியில அண்ணே இன்னமும் ரெண்டாவது வரிசையிலதானே நிக்கும்?"

"ஸ்கிரீன் சின்னதுன்னா அப்புடித்தாம்மா வரும். அதுல ஒண்ணும் தப்பு இல்ல."

"அத எனக்குச் சொல்லாத. அவருகிட்ட சொல்லு."

அவர் எங்கே? வட்டகொடைக்குப் போன் போட்டபோது வேலாயி அத்தை எடுத்தாள். தொழிற்சங்கக் கூட்டத்துக்குத் தலவாக்கலைக்குப் போயிருக்கிறார், மத்தியானம் முடியும் என்றாள். தாயும் மகளும் ஓடிப் போய் பஸ் பிடித்தார்கள்.

சங்க ஆபீஸ் படியிறங்கி வந்துகொண்டிருந்த ஆண்டியப்பன், தங்கச்சியைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு மறுபக்கம் திரும்பினார். கூட வந்தவர்களிடம், "நீங்க போங்க, நான் வர்றேன்" என்று சொன்னது மட்டும் நல்ல சகுனமாகப் பட்டது சர்மிளாவுக்கு.

"அண்ணே" என்றாள் பூரணி.

"எனக்கு வேல இருக்கு."

"எனக்கு மட்டும் வேல இல்லாமயா வந்தேன்? பெரட்டுக்குப் போகாம வந்து நிக்கிறேன். ஒங்கூடப் பொறந்தவ நடுரோட்டுல நிக்கிறேன். ஏன் வந்தேன்னுகூட கேக்க மாட்டியா?"

"என்னா கேக்கச் சொல்ற? பரிசத்தன்னைக்கு மொத ஆளா வந்து, பந்தல் போட்டு, சம்பந்திக்கு எதுத்தாப்புல நின்னு தட்டு மாத்துனவன் நானு. லோகமே பாக்குற எடத்துல என்னய எறக்கி விட்டுட்டு, எனக்குக் கீழ வெறிச்சுன்னு வெள்ளையா விட்டிருக்கீங்க. செத்தவனுக்குக் கூட ஒரு மால போடுவாங்க." குரல் கொஞ்சம் உடைந்தது. அவர் கோபம் எல்லாம் கோபம் இல்லை, பாதிக்கு மேல் வருத்தம்தான் என்று அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது.

பூரணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சர்மிளா முன்னால் வந்தாள். "மாமா, தப்பு என் மேலதான். நீங்க பாத்தது உண்மைதான். ஒரே ஒரு தடவ எங்கூட வந்து பாருங்க. அதுக்கப்புறமும் ஒங்களுக்கு மனசு வரலன்னா நான் அந்தப் பக்கத்தையே அழிச்சிர்றேன்."

மாமா யோசித்தார். அழித்துவிடுவேன் என்றதும் முகம் கொஞ்சம் மாறியது. கோபம் இருந்தாலும், டோஹா வரைக்கும் தெரிகிற படத்தை அழிக்க யாருக்கு மனசு வரும்? "அஞ்சு நிமிசம்தான்" என்று நடந்தார்.

கொமியூனிகேஷன் கடைக்காரர் சிவசாமி, தலைவர் வருவதைக் கண்டு எழுந்து நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார். மாமா உட்கார்ந்தார். சர்மிளா பக்கத்தைத் திறந்தாள். பழைய பெட்டி, இன்டர்நெட் லைனும் மெதுவானது. படங்கள் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தன. மாமாவின் தலைப்பாகை முதலில் வந்தது, பிறகு மீசை, கடைசியில் நாலு வரிப் பட்டம். அதற்குக் கீழே வேலாயி அத்தையும் பிள்ளைகளும்.

"ஓட்டையக் காணோமே" என்றார் மாமா.

"அடைச்சிட்டேன் மாமா. ஒங்க பேரு முழுசா இருக்கணும்னா பெட்டி ஒசரமா இருக்கணும். ஒங்களுது மட்டும் ஒசரமா இருந்ததால பின்னால வந்தது முட்டிக்கிட்டு நின்னுருச்சு. இப்ப எல்லாருக்கும் ஒங்க ஒசரமே குடுத்துட்டேன்."

"சம்பந்திக்குமா?"

"அவருக்கும்தான்."

மாமா மீசையைத் தடவினார். ஆனாலும் விடவில்லை. "அது சரி. நான் இன்னும் ரெண்டாவது வரிசையிலதானே கெடக்கேன்?"

சர்மிளா மௌஸை அவர் கைக்குள் வைத்து, பக்கத்தின் ஓரத்தைக் காட்டினாள். "இதப் புடிச்சு உள்ளுக்குத் தள்ளுங்க மாமா."

தோட்டத்தையே ஆட்டி வைக்கிற கைக்கு மௌஸ் பிடிபடவில்லை. இரண்டு தரம் வழுக்கிவிட்டு மூன்றாம் தரம் பிடித்துத் தள்ளினார். படங்கள் குதித்து ஒரே ஒரு வரிசையாகக் கீழே இறங்கின. முதலில் தமயந்தி. அவளுக்குக் கீழே பூரணியும் செல்லசாமியும். அவர்களுக்குக் கீழே மாமா. அதற்கும் கீழேதான் சம்பந்தி அழகுமுத்து.

"அட, சம்பந்தியும் எறங்கிட்டாரு!"

"இப்ப வெளிய இழுங்க."

இழுத்தார். எல்லோரும் இரண்டிரண்டாக மேலே ஏறினார்கள். திரும்பத் தள்ளினார், திரும்ப இழுத்தார். சின்னப் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி விடவே இல்லை.

"மாமா, எந்தக் கொம்பியூட்டர்ல எத்தன வரிச வரும்னு என்னால சொல்ல முடியாது. அது அந்தந்தப் பெட்டியப் பொறுத்தது. யாரு எந்த வரிசையில நிப்பாங்கங்கிறது என் கையில இல்ல. ஆனா யாருக்கு அடுத்து யாருங்கிறது என் கையிலதான் இருக்கு. அது எங்க போனாலும் மாறாது. டோஹாவுல பாத்தாலும் சரி, வட்டகொடையில பாத்தாலும் சரி, அம்மா அப்பாவுக்கு அடுத்து நீங்கதான்."

மாமா கையை எடுத்துவிட்டு ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் புள்ள அழுவுற? நான் என்னா வரமாட்டேன்னா சொன்னேன்?"

"சொன்னியே!"

"கோவத்துல ஆயிரம் சொல்லுவேன். அதுக்காகத் தமயந்திக்கு வேற எவனாச்சும் பட்டம் கட்டுவானா? கட்ட விட்டுருவேனா நானு?"

பூரணி சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சர்மிளாவுக்கு அக்கா பாத்திரம் கழுவப் போன முகம் கண்ணுக்குள் வந்தது. வீட்டுக்குப் போனதும் முதலில் அவளிடம்தான் சொல்ல வேண்டும். சிவசாமி யாரும் கேட்காமலே எல்லோருக்கும் பிளேன்டீ வரவழைத்தார். தலவாக்கலையில் அன்றைக்கு அவ்வளவு நிம்மதியாக டீ குடித்தவர்கள் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

பாதி டீயில் மாமா கோப்பையை வைத்தார். முகம் மாறிவிட்டது.

"ஒரு தப்பு பண்ணிட்டேன் பூரணி. நேத்து சாயந்தரம் சம்பந்திக்குப் போன் போட்டு, கலியாணத்துக்கு நான் வரலன்னு சொல்லிட்டேன்."

"அடப் பாவி மனுசா!" பூரணிக்கு அண்ணன் என்ற மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. "அவுங்க என்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. 'பேசுவோம்'னு வச்சிட்டாரு."

அடுத்த நிமிஷம் மாமாவே எழுந்து டெலிபோன் கூண்டுக்குள் போனார். கதவு சாத்தாமலே சம்பந்தியின் ஊரான பட்டிப்பொலைக்கு நம்பரைச் சுற்றினார். தாயும் மகளும் ஆளுக்கொரு பக்கம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"சம்பந்தி, நான் ஆண்டியப்பன் பேசுறேன். நேத்து சொன்னத மறந்துருங்க. பட்டம் கட்டுறது நான்தான். ஆமா... ஆமா, நான்தான். கொஞ்சம் வெவரம் தெரியாமப் பேசிட்டேன்."

அந்தப் பக்கம் அழகுமுத்து சிரிப்பது வெளியில் நின்றவர்களுக்கே கேட்டது. பூரணி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அப்புறம் சிரிப்பு நின்றது. அவர் வேறு என்னவோ கேட்டார். மாமாவின் புருவம் ஏறியது. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சர்மிளா பக்கம் குனிந்தார்.

"சம்பந்தியம்மாவும் அந்தப் பக்கத்தப் பாத்தாங்களாம். எல்லார் படமும் இருக்கு, மாப்பிள்ளையோட தாய் படம் எங்கன்னு கேக்குறாங்களாம்."

சர்மிளா குரலைத் தாழ்த்தினாள். "எடுத்தது ஒரே ஒரு போட்டோதான் மாமா. அதுல அவுங்க கண்ண மூடியிருக்காங்க. அதான் போடல. வேற இல்ல."

மாமா அவளை ஒரு பார்வை பார்த்தார். தங்கச்சியைப் பார்த்தார். காலை வரை யார் படம் எங்கே என்று இவர்களிடம் சண்டைக்கு நின்ற மனிதர், ரிசீவரிலிருந்து கையை எடுத்தார், தொண்டையைக் கனைத்தார்.

"சம்பந்தி, அவுங்க படம் வந்துகிட்டே இருக்கு. எல்லாத்தையும் விடப் பெரிய படமாப் போட்டிருக்கு எங்க புள்ள, அதான் வர நேரமாவுது. நாளைக்குப் பாக்கச் சொல்லுங்க."